யாழ்ப்பாணம் புகையிலையும் வேணாட்டுக் கருவூலமும்

கமெரூன் நாட்டுப் புல்வெளி மேட்டுநிலத்தின் சிற்றரசர்களுக்குச் சுங்கான் வெறும் புகைக்கருவி அன்று, அரச சின்னம். அதன் கிண்ணம் சுட்ட களிமண்ணிலோ பித்தளை வார்ப்பிலோ சிலந்தியாக, யானையாக, மனித முகமாக உருப்பெறும். நீண்ட தண்டு மணிகளால் போர்த்தப்படும். குடிகளின் சுங்கான் சிறியது, எளியது. இத்தனைக்கும் புகையிலை அமெரிக்கக் கண்டத்துச் செடி. ஆப்பிரிக்காவுக்கு அது ஐரோப்பியக் கப்பல்களில் வந்து சேர்ந்தது 16ஆம் நூற்றாண்டிலோ அதன் பின்னரோதான்.

போர்ச்சுகீசியர் வழியே அதே இலை நம் மேற்குக் கரைக்கும் வந்தது. இங்கே அது அரசனின் கைக்குப் போகவில்லை, ஏனெனில் அந்த இடத்தில் தாம்பூலம் முன்பே அமர்ந்திருந்தது. வெற்றிலை மடித்துக் கொடுக்கும் அடைப்பக்காரன் அரசவையில் செல்வாக்குள்ளவன். திருமணம் உறுதியாவதும் தாம்பூலம் மாற்றித்தான். மங்கலத் தட்டில் இடம் பெறாத புகையிலை, முறுக்கான் பெட்டியில் வெற்றிலை, பாக்கு, சுண்ணாம்புக்கு அடுத்த நான்காம் பொருளாக நுழைந்துகொண்டது.

சடங்கில் இடமில்லை என்றாலும் அரசியலில் அதற்கு இடம் இருந்தது. 1795 வரை திருவிதாங்கூரின் தலைநகராயிருந்த பத்மநாபபுரம் தக்கலையை ஒட்டியே இருக்கிறது. மார்த்தாண்ட வர்மா (1729–1758) நல்லமிளகை அரசின் தனியுரிமையாக்கியதை வரலாற்று நூல்கள் விரிவாகப் பேசும். புகையிலையும் பின்னர் அரசின் தனியுரிமையாக இருந்தது என்பது அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. மிளகு குடியானவனிடமிருந்து வாங்கி வெளியே விற்கப்பட்டது. புகையிலையோ வெளியிலிருந்து வாங்கி அதே குடியானவனுக்கு விற்கப்பட்டது. இரு வழியிலும் நிறைந்தது கருவூலமே.

அந்தப் புகையிலையில் பெயர்பெற்றது யாழ்ப்பாணச் செம்மண்ணில் விளைந்தது. திருவிதாங்கூர்ச் சந்தைக்கென்றே பயிரிட்ட அதனை யாழ்ப்பாணத்தார் ‘மலையாளப் புகையிலை’ என்றனர். மலையாளத்தார் அதையே ‘ஜாப்பாணம் புகையிலை’ என்றனர். விளைவித்தவரும் மென்றவரும் ஒரே இலைக்கு ஒருவர் ஊரை மற்றவர் பெயராக வைத்தது, நூல்கள் எழுதாத ஒரு கடல்வழி உறவின் சாட்சி.

திவான் மாதவ ராவ் காலத்தில், 1863இல், தனியுரிமை நீங்கி இறக்குமதித் தீர்வை வந்தது. வணிகரின் கை விடுபட்டது. மெல்பவரின் செலவில் அரசுக்கு வருவாய் வருவது நிற்கவில்லை.

கமெரூன் சுங்கான்கள் பல இன்று ஐரோப்பிய அருங்காட்சியகங்களின் கண்ணாடிப் பெட்டிகளில் இருக்கின்றன. முறுக்கானின் வரலாறு அப்படி முடியவில்லை. புகையிலை சேராத வெற்றிலைப் பாக்கும் புற்றுநோய் விளைவிப்பதே என உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2004இல் வெளியிட்டது. வயலிலும் கடலிலும் பசியை அடக்க முறுக்கியவர்களே அந்த வரியை இருமுறை செலுத்தினார்கள், ஒருமுறை காசாக, மறுமுறை உடலாக. அரண்மனைகளின் வரலாற்றில் அவர்களுக்கும் ஒரு பக்கம் வேண்டும்.