மலையகத் தோட்டங்களிற் பதிவேடுகள்: ஒரு வரலாற்று நோக்கு

ஒரு சமுதாயத்தின் வரலாற்றை அச்சமுதாயத்தைப் பற்றிப் பிறர் எழுதிவைத்த கணக்குகளிலிருந்தே அறியவேண்டிய நிலை சிலபோது ஏற்படுவதுண்டு. மலையகத் தமிழர் வரலாறு பெரிதும் அத்தகையது. நுவரெலியா, அட்டன் பகுதித் தேயிலைத் தோட்டங்களிற் பேணப்பட்ட பதிவேடுகள் தொழிலாளரின் கூலியையும் கடனையும் மட்டுமன்றி, பிற்காலத்தில் அவர்தம் பிரசாவுரிமையையும் நிர்ணயிக்கும் சான்றுகளாயின. அவை தம்முள் எவ்வாறு தொடர்புற்றன, எங்கு அத்தொடர்பு அறுந்தது என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

19ஆம் நூற்றாண்டின் முற்பகுதியிற் கோப்பிச் செய்கையுடன் தென்னிந்தியத் தொழிலாளரின் வருகை தொடங்கிற்று. அவர்களைத் திரட்டி வந்தவன் கங்காணி. வழிச்செலவும் முற்பணமும் கங்காணியின் கணக்கிலே தொழிலாளியின் பெயரிற் கடனாக ஏறின. 1869இல் இலைநோய் தோன்றிக் கோப்பி படிப்படியாக அழிய, தேயிலை அதனிடத்தைப் பெற்றது. கோப்பி பருவகால உழைப்பை வேண்டிய பயிர். தேயிலையோ ஆண்டு முழுவதும் கொழுந்து தருவது. எனவே தொழிலாளர் குடும்பங்களாக லயன்களிற் குடியமர்ந்தனர். ஆனால் கடன் முறை மாறவில்லை.

அக்கடனின் சின்னமாக விளங்கியது ‘துண்டு’ ஆகும். குறித்த தொகை செலுத்தப்படின் தொழிலாளரை விடுவிப்பதாகத் தோட்டத்துரை எழுதிக்கொடுத்த சீட்டு அது. புதிய தோட்டம் அத்தொகையைச் செலுத்தித் தொழிலாளரைப் பெற்றுக்கொள்ளும். தொழிலாளி தோட்டம் மாறினும் கடன் அவனை விட்டு நீங்காது. 1921ஆம் ஆண்டின் சட்டமே இம்முறையை ஒழித்தது. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அறிமுகமான தகரவில்லையும் ஈண்டுக் குறிப்பிடத்தக்கது. தோட்டத்தின் எண்ணும் தொழிலாளியின் எண்ணும் அதிற் பொறிக்கப்பட்டிருந்தன. பயணச் செலவை உரிய தோட்டத்தின் கணக்கிற் சேர்க்க அது உதவிற்று. கடனையும் செலவையும் பொறுத்தவரை ஒரு கணக்கை மற்றொரு கணக்குடன் இணைப்பதில் நிர்வாகம் தவறவில்லை என்பதை இவ்விரண்டும் காட்டுகின்றன.

தோட்டத்தினுள் அன்றாட வாழ்வை ஆண்டது செக்ரோல் ஆகும். காலைப் பிரட்டிற் கூடியோரின் பெயர்களும், வேலைநாள்களும், பறித்த கொழுந்தின் நிறையும் அதற்காகக் குறிக்கப்பட்டன. ‘பேர் விழுந்தாற்’ கூலி உண்டு, விழாவிடின் இல்லை. பிறப்பு, இறப்புப் பதிவுகளோ வேறொரு வழியில் அரசாங்கப் பதிவாளரிடம் சென்றன. செக்ரோலுக்கும் பிறப்புப் பதிவுக்கும் இடையே பொதுவான இலக்கம் எதுவும் இருக்கவில்லை. கணக்கப்பிள்ளை எழுதிய பெயர் ஒன்று, பதிவாளர் எழுதிய பெயர் வேறொன்று, வீட்டில் வழங்கிய பெயர் மற்றொன்று என அமைவதும் உண்டு.

இவ்விடைவெளி 1948இன் பின்னரே பெருந்துயரமாயிற்று. அவ்வாண்டின் பிரசாவுரிமைச் சட்டப்படி, இலங்கையிற் பிறந்த ஒருவர் வம்சாவளிப் பிரசையாவதற்குத் தந்தையோ, தந்தைவழிப் பாட்டனும் பூட்டனுமோ இலங்கையிற் பிறந்திருத்தல் வேண்டும். 1949ஆம் ஆண்டின் இந்திய பாகிஸ்தானிய வதிவாளர் சட்டம், 1946 சனவரி 1ஆம் திகதிக்கு முன் மணமானோருக்கு 7 ஆண்டும் ஏனையோருக்கு 10 ஆண்டும் இடையறாத வதிவை வேண்டிற்று. 12 மாதங்களுக்கு மேற்பட்ட ஊர்ப்பயணம் அவ்வதிவை முறித்துவிடும். மூன்று தோட்டங்களில் உழைத்தவர் மூன்று தோட்ட அலுவலகங்களிற் சான்று தேடவேண்டியதாயிற்று. ஏறத்தாழ 8 லட்சம் பேர் சார்பில் விண்ணப்பங்கள் அனுப்பப்பட்டன. பிரசாவுரிமை பெற்றோர் சுமார் 134,000 பேர் மட்டுமே. இத்தொகைக்குச் சட்டத்தின் கடுமையே முதற்காரணம். எனினும் அக்கடுமை செயற்பட்ட களம் பதிவேடுகளின் ஒவ்வாமை என்பதை மறுத்தலியலாது.

1964 ஒக்டோபர் 30இல் கைச்சாத்தான சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம், 525,000 பேரை இந்தியாவுக்கும் 300,000 பேரை இலங்கைக்கும் பங்கிட்டது. எஞ்சிய 150,000 பேரை 1974இல் இரு நாடுகளும் சமமாகப் பகிர்ந்தன. மனிதர் தொகைகளாயினர்.

இன்று கணினியிற் கணக்குப் பேணுவோர் இச்சிக்கலை எளிதில் உணர்வர். தரவுத்தளமொன்றிலிருந்து விரிதாளுக்குத் தகவல் வராதபோது அவர்கள் நான்கு வினாக்களை எழுப்புவர்: களஞ்சியம் குறித்த இடத்தில் உள்ளதா? அணுகுவதற்கு அனுமதி உண்டா? இரு அட்டவணைகளையும் இணைக்கும் குறியீடு ஒன்றா? திகதியும் எழுத்தும் ஒரே வடிவினவா? 1951இல் விண்ணப்பித்த தொழிலாளியும் இவற்றையே எதிர்நோக்கினார்: பழைய செக்ரோல் எங்கே, துரை சான்று தருவாரா, பெயர் பொருந்துமா, ஆண்டு ஒத்துவருமா என்பன. ஆயின் ஒரு வேறுபாடு உண்டு. கணினியில் இணைப்பு அறுந்தால் வல்லுநர் இணைப்பிலே குறை தேடுவார். தோட்டத்திலோ குறை தொழிலாளி மீதே சுமத்தப்பட்டது.

2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டம் இந்நோக்கை மாற்றியது. 1964 ஒக்டோபர் 30 முதல் இலங்கையில் நிரந்தரமாக வதிந்த நாடற்றவரும் அவர்தம் வழித்தோன்றல்களும் பிரசாவுரிமை பெறலாயினர். அதனையடுத்து நடைபெற்ற பத்து நாள் இயக்கத்தில் ஏறத்தாழ 190,000 பேர் பயனடைந்ததாக ஐக்கிய நாடுகள் அகதிகள் உயர்ஸ்தானிகராலயம் தெரிவித்தது. வேண்டப்பட்ட சான்று எளிதாயின் உரிமையும் எளிதாகும் என்பதற்கு இது தக்க எடுத்துக்காட்டு.

பதிவேடு நடுநிலையானது போலத் தோன்றும். ஆனால் எதை இணைப்பது, எதை இணையாது விடுவது என்பதைத் தீர்மானிப்பது அதனைப் பேணும் அதிகாரமே. கடனைத் தோட்டந்தோறும் தொடர்ந்து சென்ற எழுத்து, பிறப்பையும் வதிவையும் அவ்வாறு தொடரவில்லை. தோட்ட அலுவலகங்களில் எஞ்சியுள்ள பழைய ஏடுகளைப் பாதுகாத்து ஆராய்தல், வரலாறு பயிலும் மாணவர் மேற்கொள்ளவேண்டிய பணியாகும்.