கழுத்து வீக்கமும் ஒரு சிட்டிகை உப்பும்

"உப்பில்லாப் பண்டம் குப்பையிலே" என்பது பழமொழி. ருசியை நினைத்துச் சொன்னது அது. ஆனால் உப்புக்கு ருசியைத் தவிர இன்னொரு பெரிய வேலையும் உண்டு என்பதை இந்தியா தன் கண்ணாலேயே பார்த்துத் தெரிந்துகொண்டது 1950களில்தான். தைராய்டு குறைவாகச் சுரப்பவர்களும், முக்கியமாக சைவச் சாப்பாட்டுக்காரர்களும் தெரிந்துகொள்ள வேண்டிய வரலாறு இது.

கழுத்தின் முன்பக்கம் வண்ணத்துப்பூச்சி வடிவில் இருக்கும் சிறிய சுரப்பிதான் தைராய்டு. உடம்பு எந்த வேகத்தில் இயங்க வேண்டும் என்று தீர்மானிப்பது அது சுரக்கும் தைராக்ஸின். அதைத் தயாரிக்க அயோடின் வேண்டும். பெரியவர்களுக்கு ஒரு நாளைக்கு 150 மைக்ரோகிராம் போதும். 70 வருடத்துக்கும் சேர்த்துக் கணக்குப் போட்டால்கூட 4 கிராமைத் தாண்டாது! ஆனால் அது தினமும் கிடைக்க வேண்டும். கிடைக்காவிட்டால் சுரப்பி வீங்கிக் கழலை ஆகிறது. பிறகு சோர்வு, குளிர் தாங்காமை, எடை கூடுதல், மலச்சிக்கல் என்று ஒவ்வொன்றாக வரும். கர்ப்பிணிக்குக் கிடைக்காவிட்டால் பாதிப்பு குழந்தையின் மூளைக்கு.

அயோடின் அதிகம் இருப்பது கடலில். மீன் சாப்பிடுபவருக்கு அது நேராகக் கிடைத்துவிடுகிறது. சைவம் சாப்பிடுபவருக்கு? பால், தயிரில் ஓரளவு உண்டு. காய்கறியிலும் தானியத்திலும் இருப்பது அது விளைந்த மண்ணில் இருக்கும் அளவுதான். இமயமலை அடிவாரத்தில் பனியாறும் மழையும் மண்ணிலிருந்த அயோடினை அடித்துக்கொண்டு போய்விட்டன. அங்கே எவ்வளவு நல்ல காய்கறி சாப்பிட்டாலும் அயோடின் பற்றாக்குறைதான்.

கில்கித்திலிருந்து குன்னூருக்கு

20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ராபர்ட் மெக்கரிசன் என்ற பிரிட்டிஷ் மருத்துவர் இமயமலைப் பக்கம் கில்கித்தில் வேலை பார்த்தார். அங்கே ஒரே நீரோடைத் தண்ணீரை மேலிருந்து கீழாகப் பல கிராமங்கள் குடித்தன. கீழே இருக்கும் கிராமங்களுக்குப் போகப் போகக் கழலை அதிகமாக இருந்தது. அழுக்குத் தண்ணீர்தான் காரணம் என்று அவர் முடிவு செய்தார். முழு உண்மை அதுவல்ல என்பது பிறகுதான் தெரிந்தது.

அவர் பின்னாளில் ஆராய்ச்சி செய்தது நம் நீலகிரி குன்னூரில். உணவுக்கும் நோய்க்கும் உள்ள தொடர்பை அங்கே வருடக்கணக்கில் ஆராய்ந்தார். சோயாவும் நிலக்கடலையும் விலங்குகளுக்குக் கழலை உண்டாக்குவதைப் பற்றி 1933இல் எழுதினார். அதற்கு முன்பே 1928இல் அமெரிக்காவின் பால்டிமோரில் முட்டைக்கோஸையே தின்று வளர்ந்த முயல்களுக்குக் கழலை வந்ததைச் செஸ்னி குழு கண்டது. "தைராய்டு இருந்தால் கோஸ் சாப்பிடாதே" என்று இன்றும் சொல்வதன் வேர் இதுதான். ஆனால் அந்த முயல்களுக்கு உணவே கோஸ்தான் என்பதை மறந்துவிடுகிறோம். அயோடின் போதுமான அளவு கிடைக்கிற ஒருவர் வேகவைத்த கோஸ் பொரியலை அளவோடு சாப்பிடுவதில் பயப்பட ஒன்றுமில்லை.

காங்ரா பள்ளத்தாக்கு

உப்பில் அயோடின் கலக்கும் யோசனை இந்தியாவுடையது அல்ல. சுவிட்சர்லாந்து 1922இலும், அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலம் 1924இலும் தொடங்கிவிட்டன. இந்தியாவில் இது பலிக்குமா என்பதுதான் கேள்வி.

பதில் தேடியவர் வி. ராமலிங்கஸ்வாமி. ஆந்திராவின் ஸ்ரீகாகுளத்தில் 1921இல் பிறந்தவர். அதே குன்னூர் ஆய்வுக்கூடத்தில் வேலை பார்த்தவர். 1956இல் அவரது குழு இன்றைய இமாசலப் பிரதேசத்தின் காங்ரா பள்ளத்தாக்கில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட மக்களை மூன்று பகுதிகளாகப் பிரித்தது. ஒரு பகுதிக்குப் பொட்டாசியம் அயோடைடு கலந்த உப்பு. இன்னொன்றுக்குப் பொட்டாசியம் அயோடேட் கலந்த உப்பு. நடுவில் இருந்த பகுதிக்கு வெறும் உப்பு. சாப்பாட்டில் வேறு எந்த மாற்றமும் இல்லை.

ஆறு வருடம் கழித்துப் பார்த்தபோது அயோடின் கிடைத்த இரண்டு பகுதிகளிலும் கழலை வெகுவாகக் குறைந்திருந்தது. வெறும் உப்பு சாப்பிட்ட பகுதியில் குறையவே இல்லை. பிறகு அவர்களுக்கும் அயோடின் உப்பு கொடுத்தார்கள், அங்கும் குறைந்தது. மருந்து இல்லை, ஊசி இல்லை. அரிசியும் பருப்பும் காய்கறியும் அதேதான். மாறியது உப்பு மட்டும்!

சட்டம் வந்தது, போனது, வந்தது

1962இல் மத்திய அரசு தேசியக் கழலைக் கட்டுப்பாட்டுத் திட்டத்தைத் தொடங்கியது. ஆனால் 20 வருடம் அது மெதுவாகவே நகர்ந்தது. கழுத்து வீக்கம்தானே, உயிரா போகப்போகிறது என்ற அலட்சியமும் இருந்தது. உத்தரப் பிரதேசத்தின் பாதிக்கப்பட்ட மாவட்டங்களில் பிறந்த குழந்தைகளின் தொப்புள்கொடி ரத்தத்தைச் சோதித்தபோதுதான் விபரீதம் புரிந்தது. பல குழந்தைகள் தைராய்டு குறைவோடே பிறந்திருந்தன. பிரச்சினை கழுத்தில் இல்லை, மூளையில் இருந்தது.

1983இல் நாட்டின் சாப்பாட்டு உப்பு முழுவதிலும் அயோடின் கலப்பது என்று முடிவாகி, தனியார் ஆலைகளும் அனுமதிக்கப்பட்டன. 1990களின் இறுதியில் அயோடின் இல்லாத சாப்பாட்டு உப்பை விற்கத் தடை வந்தது. 2000இல் அது நீக்கப்பட்டது. எதை உண்பது என்பது மக்கள் விருப்பம் என்ற வாதமும், சிறு உப்பளத்தாரின் பயமும் அப்போது பேசப்பட்டன. உப்புக்காகவே போராடிய தேசத்தில் அந்த வாதத்தை ஒரேயடியாகத் தள்ளிவிட முடியாது. ஆனால் அயோடின் குறைவு நாக்கில் தெரியாது; தெரியாத ஒன்றை எப்படி ஒருவர் விரும்பித் தேர்ந்தெடுப்பார்? 2005இல் தடை மீண்டும் அறிவிக்கப்பட்டது. 2011இல் உச்ச நீதிமன்றம் பழைய கலப்படத் தடைச் சட்டத்தின் கீழ் இப்படித் தடை போட முடியாது என்றது. அதே வருடத்தின் புதிய உணவுப் பாதுகாப்பு விதிகள் தடையைத் தொடர்ந்தன.

மாத்திரையின் கதை

உப்பு எல்லாவற்றையும் தீர்த்துவிட்டதா என்றால் இல்லை. அயோடின் போதுமான அளவு கிடைக்கும் இடங்களில் தைராய்டு குறைவுக்கு முக்கியக் காரணம், உடம்பின் நோய் எதிர்ப்புச் சக்தியே சுரப்பியைத் தாக்கும் ஹாஷிமோட்டோ நோய். இதற்கு உப்பை அள்ளிப் போட்டாலும் கடற்பாசி மாத்திரை சாப்பிட்டாலும் குணமாகாது. அளவு மிஞ்சினால் கெடுதல்கூட வரலாம். இவர்களுக்கு வேண்டியது தைராக்ஸின்.

1891இல் இங்கிலாந்தின் நியூகாசிலில் ஜார்ஜ் முர்ரே ஆட்டின் தைராய்டுச் சாற்றை ஒரு பெண்மணிக்கு ஊசியாகப் போட்டார். அவர் அதன்பின் 28 வருடம் வாழ்ந்தார். 1914இல் கெண்டல் பிரித்தெடுத்த தைராக்ஸினும் விலங்குச் சுரப்பியிலிருந்து வந்ததே. 1927இல் ஹாரிங்டனும் பார்கரும் அதை ரசாயன முறையில் தயாரித்துக் காட்டினார்கள். இன்று பரவலாகத் தரப்படும் தைராக்ஸின் அப்படித் தயாரிக்கப்படுவதுதான். அதை வெறும் வயிற்றில் சாப்பிட வேண்டும். காபி, சோயா, இரும்பு, கால்சியம் மாத்திரைகள் அது உடம்பில் சேர்வதைக் கெடுக்கும் என்பதால் இடைவெளி வேண்டும்.

இந்துப்பு மோகம்

இப்போது "இயற்கை" என்ற பெயரில் பல சமையலறைகளில் இந்துப்பும் கல் உப்பும் நுழைந்துவிட்டன. கடலிலிருந்து வரும் உப்பில் அயோடின் இருக்குமே என்று பலர் நம்புகிறார்கள். தூத்துக்குடி உப்பளத்தில் விளையும் உப்பிலும் இயற்கையாக இருக்கும் அயோடின் மிகச் சொற்பம். சேர்த்தால்தான் உண்டு. மீனும் முட்டையும் தொடாத, பாலும் குறைத்துக்கொண்ட ஒரு வீட்டில் அந்த உப்பையும் மாற்றிவிட்டால், காங்ராவில் வெறும் உப்பு கிடைத்த அந்த நடுப்பகுதிதான் அந்த வீடு!

அதிக உப்பு தேவையில்லை. ரத்த அழுத்தத்துக்காகக் குறைப்பது நல்லதே. போடுகிற கொஞ்சம் அயோடின் உப்பாக இருக்கட்டும். மூடி போட்ட ஜாடியில் வைத்து, சமையலின் கடைசியில் போட்டால் போதும். மாத்திரை சாப்பிடுபவர் அதை விட்டுவிடாமல், மருத்துவரைக் கேட்டு நடக்கட்டும். கழலை வராததால் அதை மறந்துபோன நமக்கு, அது ஏன் வரவில்லை என்பதாவது நினைவிருக்க வேண்டும்.