மான்டிசெல்லோ குடும்ப இடுகாடு: ஒரு வேலியின் வரலாறு

அமெரிக்காவின் வர்ஜீனியா மாநிலத்தில், சார்லட்ஸ்வில் நகரை அடுத்த குன்றின் மேல் தாமஸ் ஜெஃபர்சனின் மான்டிசெல்லோ மாளிகை இருக்கிறது. மாளிகையும் சுற்றியுள்ள நிலமும் ஓர் அறக்கட்டளைக்குச் சொந்தம். சரிவில் இரும்பு வேலிக்குள் அமைந்த குடும்ப இடுகாடு மட்டும் ஜெஃபர்சனின் வழித்தோன்றல்கள் நடத்தும் சங்கத்தின் உடைமை. இந்தப் பிரிவினை எப்படி வந்தது, அதனால் விளைந்தது என்ன என்பதே இக்கட்டுரையின் கேள்வி. இங்கே யாரைப் புதைக்கலாம் என்ற விவாதம் பெரும்பாலும் மரபணுச் சோதனையைச் சுற்றியே நடந்திருக்கிறது. 1831ஆம் ஆண்டின் நில விற்பனைக்கு அதைவிட அதிக வலிமை இருந்தது என்பது என் கருத்து.

1773 மே மாதம் ஜெஃபர்சனின் தங்கை கணவர் டாப்னி கார் 30 வயது நிரம்பாமலே இறந்தார். இருவரும் இளமை முதல் நண்பர்கள். குன்றின் மேலிருந்த ஓக் மரத்தடியில் சேர்ந்து படித்தவர்கள். யார் முந்திப் போனாலும் மற்றவர் அவரை அங்கேயே அடக்கம் செய்யவேண்டும் என்று பேசிவைத்திருந்தவர்கள் என்பது குடும்பத்தில் வழிவழியாகச் சொல்லப்படும் செய்தி. ஜெஃபர்சன் வெளியூரில் இருந்ததால் காரின் உடலை முதலில் ஷாட்வெல்லில் புதைத்தார்கள். ஜெஃபர்சன் திரும்பி வந்த பிறகு அது மான்டிசெல்லோவுக்கு மாறியது.

இடம் திருத்திய வேலையை ஜெஃபர்சன் தம் குறிப்பேட்டில் எழுதிவைத்தார். 80 அடிக்கு 80 அடி நிலம். இரண்டு ஆட்கள் மூன்றரை மணி நேரத்தில் வேரும் தூரும் பறித்து முடித்தார்கள். அத்தோடு விடவில்லை. ஓர் ஆளாக இருந்தால் 7 மணி நேரம் ஆகும். நிலம் ஏக்கரில் ஏழில் ஒரு பங்கு. ஆகவே ஏக்கருக்கு 49 மணி நேரம், அதாவது 4 நாள் என்று கணக்குப் போட்டார். நாளொன்றுக்கு 12 மணி நேரத்துக்கு மேல் வேலை என்பது இந்த வகுத்தலுக்குள்ளேயே இருக்கிறது. மண்வெட்டி பிடித்த இருவரின் பெயர் அதில் இல்லை. உயிர்த்தோழன் செத்த வாரத்தில் இப்படி ஒரு கணக்கா என்று தோன்றலாம். எதையும் அளந்து எழுதுவது அவருடைய வாழ்நாள் பழக்கம். அதை வைத்து அவர் மனத்தை எடைபோட நான் தயாரில்லை. ஆனால் இந்த இடுகாட்டின் முதல் ஆவணம் ஓர் ஆள்கூலிக் கணக்குப் போலவே இருக்கிறது, கூலி மட்டும் இல்லாமல்.

1776இல் தாய் ஜேன், 1782இல் மனைவி மார்த்தா, 1804இல் இளைய மகள் மரியா என்று கல்லறைகள் பெருகின. மனைவி மார்த்தாவின் தந்தை ஜான் வேல்ஸ். அவருக்கும் அவருடைய அடிமைப் பெண்ணான எலிசபெத் ஹெமிங்ஸுக்கும் பிறந்தவர் சாலி ஹெமிங்ஸ். அதாவது வேலிக்குள் அடக்கமான எசமானியும், அதே வீட்டில் அடிமையாக வேலை செய்த சாலியும் ஒரே தகப்பனின் பிள்ளைகள்.

1826 ஜூலை 4 அன்று ஜெஃபர்சன் இறந்தார். சவப்பெட்டியைச் செய்தவர் அடிமைத் தச்சர் ஜான் ஹெமிங்ஸ். குழி வெட்டியவர் அடிமைத் தோட்டக்காரர் வார்ம்லி ஹியூஸ். ஜெஃபர்சன் விட்டுப்போன கடன் 1,07,000 டாலருக்குக் குறையாது. அதை அடைக்க 1827 ஜனவரியில் 130 அடிமைகளை விற்பதாக விளம்பரம் வந்தது. ஹியூஸின் மனைவி அர்சுலாவும் பிள்ளைகளும் அந்த ஏலத்தில் போனார்கள்.

1831இல் மாளிகையே கைமாறியது. ஜேம்ஸ் பார்க்ளே என்பவர் வாங்கினார். அவரிடமிருந்து யூதக் கடற்படை அதிகாரியான யூரையா லெவியின் கைக்கு அது போனது. கடன்பட்ட குடும்பம் மாளிகையை விட்டது, மலையை விட்டது. இடுகாட்டை மட்டும் விற்பனையிலிருந்து விலக்கித் தன்னிடமே வைத்துக்கொண்டது. அன்றைக்கு இதில் விசேஷம் எதுவும் இருந்திருக்காது. முன்னோர் கல்லறையை அந்நியருக்கு விற்க யாருக்கு மனம் வரும்? ஆனால் அதன் விளைவு உடனே தெரியத் தொடங்கியது. 1839இல் இறந்த லெவியின் தாய் ரேச்சலுக்குக் கல்லறை அமைந்தது அந்த வேலிக்குள் அல்ல. முன்பு அடிமைகளின் குடில்களும் பட்டறைகளும் வரிசையாக இருந்த மல்பெரி ரோ ஓரத்தில். சுமார் 90 ஆண்டுகள் மான்டிசெல்லோவை வைத்துக் காப்பாற்றியது லெவி குடும்பம்தான்.

ஜெஃபர்சனின் நினைவுத்தூணை அவரே வரைந்து வைத்திருந்தார். சொரசொரப்பான கல்லாக இருந்தால் யாரும் விலைக்காக உடைக்கமாட்டார்கள் என்பது அவர் எண்ணம். 1833இல் நட்ட தூணைப் பார்க்க வந்தவர்கள் ஞாபகார்த்தமாகக் கொத்திக் கொத்தி எடுத்துப் போனார்கள். 1882இல் நாடாளுமன்றம் 10,000 டாலர் ஒதுக்க, பெரிய தூண் ஒன்று எழுந்தது. பழைய தூண் இப்போது மிசூரி பல்கலைக்கழக வளாகத்தில் நிற்கிறது.

1913இல் வழித்தோன்றல்கள் மான்டிசெல்லோ சங்கத்தை அமைத்தார்கள். இடுகாட்டின் பராமரிப்போடு, அங்கே அடக்கமாகும் உரிமை யாருக்கு என்ற தீர்ப்பும் அதன் கைக்கு வந்தது. பத்தாண்டு கழித்து, 1923இல், புதிதாக உருவான அறக்கட்டளை 5,00,000 டாலருக்கு மாளிகையை வாங்கியது. அப்போதும் வேலிக்கு உட்பட்ட நிலம் அதில் சேரவில்லை.

சாலியின் பிள்ளைகளுக்குத் தகப்பன் ஜெஃபர்சன் என்று அவருடைய மகன் மேடிசன் 1873லேயே ஒரு செய்தித்தாளில் சொல்லியிருந்தார். ஜெஃபர்சனின் பேரப்பிள்ளைகள் பழியை டாப்னி காரின் மகன்களான பீட்டர், சாமுவேல் மேல் போட்டார்கள். இடுகாட்டில் முதலில் அடக்கமான மனிதரின் பிள்ளைகளே கேடயமானார்கள். 1998 நவம்பரில் ‘நேச்சர்’ இதழில் வந்த சோதனை முடிவு இந்தக் கதையைக் கலைத்தது: சாலியின் மகன் எஸ்டனுடைய ஆண்வழி வாரிசின் மரபணு ஜெஃபர்சன் குடும்பத்தோடு ஒத்துப்போனது, கார் குடும்பத்தோடு ஒத்துப்போகவில்லை. இந்தச் சோதனை ஜெஃபர்சன் குடும்பத்து ஆண் ஒருவரைக் காட்டுமே தவிர, தனி ஆளைச் சுட்டாது. ஆவணங்களையும் சேர்த்துப் பார்த்த அறக்கட்டளை, 2000இல், ஜெஃபர்சனே தந்தையாக இருக்கும் வாய்ப்பு மிக அதிகம் என்றது. இதை ஏற்காத அறிஞர்களும் உண்டு.

சங்கம் 2002 மே மாதம் வாக்கெடுத்தது. ஹெமிங்ஸ் வழியினரைச் சேர்க்க ஆதரவு 6, எதிர்ப்பு 74. ஆதாரம் போதவில்லை என்பது மறுத்தவர்களின் வாதம். அதை முழுக்கத் தள்ளிவிட முடியாது. ஆனால் ஆதாரத்தை எடைபோடும் அதிகாரம் எங்கிருந்து வந்தது என்று பார்த்தால், அது 1831இல் கையில் நின்ற நிலத்திலிருந்து வந்தது. அடிமையின் பிள்ளைகள் சொத்தாக இருந்தவர்கள். சொத்துக்கு வாரிசாக வர அன்றைய சட்டத்தில் வழியில்லை. அந்த விலக்கைத்தான் பத்திரம் 170 ஆண்டுகள் சுமந்துவந்தது.

மான்டிசெல்லோவில் இன்னோர் இடுகாடும் உண்டு. பார்வையாளர் வாகன நிறுத்தத்தை ஒட்டிய மரக்காட்டில், மேல்மண்ணை மெல்லச் செதுக்கி எடுத்தபோது, தோண்டி மூடிய குழிகளின் வடிவம் மண்ணின் நிறமாற்றத்தில் தெரிந்தது. தொல்லியலாளர்கள் எலும்புகளைத் தொடவில்லை. 40க்கும் மேற்பட்ட அடிமைகளின் புதைகுழிகள் அங்கே உள்ளன; 2001இல் அது முறைப்படி நினைவிடமாக்கப்பட்டது. குடும்ப இடுகாட்டின் முதல் நாள் வேலைக்கு மணிக்கணக்கு இருக்கிறது. இங்கே எந்தக் குழி யாருடையது என்று சொல்ல ஒரு வரி ஆவணமும் இல்லை.

2018இல் அறக்கட்டளை மாளிகையின் தென்புற அறைகளில் ஒன்றைச் சாலி ஹெமிங்ஸுக்கான காட்சிக்கூடமாகத் திறந்தது. அவருடைய பிள்ளைகளின் தந்தை ஜெஃபர்சன் என்றே அங்கே சொல்லப்படுகிறது. இடுகாட்டில் யாருக்கு இடம் என்பதில் அறக்கட்டளைக்கு வாக்கு இல்லை. அது இன்றும் சங்கத்தின் நிலம்.