கண்டலும் கடற்கரையும்: பாயான் லெப்பாஸ் வரலாற்றில் ஓர் ஏடு

ஊரின் வரலாற்றைக் கல்வெட்டிலும் செப்பேட்டிலும் தேடுவது வழக்கம். ஊர்ப்பெயரும் ஒரு சான்றே. பினாங்குத் தீவின் தென்கிழக்கிலுள்ள பாயான் லெப்பாஸ் வட்டாரத்தை நோக்குக. பெர்மாத்தாங் டாமார் லாவுட் என்னும் பெயரில் 'பெர்மாத்தாங்' என்பது தாழ்நிலத்திடையே நீண்டுயர்ந்த மணல்மேடு. தெலுக் கும்பார் என்பதில் 'தெலுக்' என்பது வளைகுடா. கரை மேடிட்ட இடத்தையும் கடல் உட்புகுந்த இடத்தையும் மலாய் முன்னோர் பெயரிலேயே பதித்துச் சென்றனர்.

இக்கரையின் பழஞ்செல்வம் சேறு எனின் சிலர் நகைக்கக்கூடும். மலாய் மொழியில் பாக்காவ் எனப்படும் கண்டல் மரத்தின் வேர்கள் சேற்றைப் பற்றி நிறுத்துகின்றன. உதிர்ந்த இலைகள் மக்கி நண்டுக்கும் இறாலுக்கும் இரையாகின்றன. மீன்குஞ்சுகள் வேர்களிடையே ஒதுங்கி வளர்ந்து, பின்னரே ஆழ்கடல் புகுகின்றன. கண்டலையே வேலியாகக் கொண்ட நெய்தற் சிற்றூர்களைச் சங்கப் புலவர்கள் கண்டு பாடினர். அவ்வேலியின் பயனை 2004 டிசம்பர் 26 நமக்கு நினைவூட்டிற்று. அன்று எழுந்த ஆழிப்பேரலையில் மலேசியாவில் 68 பேர் மாண்டனர். அவருள் பெரும்பாலோர் பினாங்கில் இருந்தவர். கண்டற்காடு அலையின் வேகத்தைத் தணிக்கவல்லது. இதை முன்பே உணர்ந்த பினாங்குக் கரையோர மீனவர் நலச் சங்கத்தார், 1990களின் பிற்பகுதியிலிருந்தே கண்டற் கன்றுகளை நட்டு வந்தனர்.

கடலடியிலும் ஒரு வயல் உண்டு. பினாங்குப் பாலத்தருகே, நீரிணையின் நடுவிலுள்ள மிடில் பேங்க் திட்டில் கடற்புல் வளர்கிறது. இது பாசியன்று, பூக்கும் தாவரம். கதிரவன் ஒளி எட்டினாலன்றி வாழாது. நீர் கலங்கினால் புல் குன்றும். புல் குன்றினால் அதனை அண்டிய உயிர்களும் குன்றும்.

1972இல் பாயான் லெப்பாஸில் தடையற்ற வாணிக வலயம் அமைந்தது. வயல்கள் தொழிற்சாலைகளாயின, பல்லாயிரவர் பிழைப்புப் பெற்றனர். அந்நன்மையை மறுத்தல் நேர்மையன்று. ஆயின் நிலம் போதாதபோது பார்வை கடல்மேற் சென்றது. தென்கரைக்கு அப்பால் 4,500 ஏக்கரில் மூன்று தீவுகளை உருவாக்கத் திட்டம் எழுந்தது. அதன் சுற்றுச்சூழல் அறிக்கைக்கு 2019இல் ஒப்புதல் கிடைத்தது. மீனவர் மேல்முறையீடு செய்ய, 2021 செப்டம்பரில் மேல்முறையீட்டு வாரியம் அவ்வொப்புதலை நீக்கிற்று. 2023இல் புதிய அறிக்கை ஏற்கப்பட்டது. எனினும் திட்டம் ஒரே தீவாக, 2,300 ஏக்கராகக் குறைந்தது. அவ்வாண்டு செப்டம்பரில் பணி தொடங்கிற்று. சிறு படகினரின் முறையீடு முற்றும் வெல்லவில்லை, முற்றும் வீணாகவுமில்லை.

இத்தகைய பணியை 'நிலமீட்பு' என எழுதுகிறோம். மீட்டலாவது இழந்ததைத் திரும்பப் பெறுதல். இங்குக் கடல் நம்மிடமிருந்து எதனைக் கவர்ந்தது? 'கடல் தூர்த்தல்' என்பதே மெய்யான சொல். தூர்த்தல் சில வேளைகளில் தேவையாகலாம். அவ்வாறாயினும் இழப்பை மறைக்காத சொல்லால் அதைக் குறிப்பதே முறை. தமிழாசிரியர் வகுப்பறையில் நெய்தலைக் கற்பிக்கும்போது, கண்டல் நின்ற கரைக்கும் மாணவரை ஒருமுறை அழைத்துச் செல்வாராக. வேரிடையே ஓடும் மீன்குஞ்சைக் கண்ட பிள்ளை, பின்னாளில் சேற்றைப் பாழ்நிலம் எனச் சொல்லாது.