பெயர் பொறித்த பரிசுகள்

பனிநாடுகளில் வண்டி இழுக்கும் நாய்களை வளர்ப்போர், அவற்றின் பெயரைக் கழுத்துப் பட்டையிலும் உணவுக் கிண்ணத்திலும் பொறித்து மகிழ்கின்றனர். பெயர் பொறித்தல் என்பது நன்றியின் ஓர் அடையாளம். ஆயினும் நாம் யாருடைய பெயரைப் பொறிக்கிறோம், யாருடைய பெயரை விட்டுவிடுகிறோம்? இக்கேள்வியைக் கூர்மையாக எழுப்பும் வரலாறு ஒன்று உண்டு.

1925ஆம் ஆண்டு சனவரித் திங்கள். அலாஸ்காவின் மேற்குக் கரையிலுள்ள நோம் என்னும் சிற்றூரில் குழந்தைகள் தொண்டை அடைப்பான் நோயால் மடியத் தொடங்கினர். அவ்வூர் மருத்துவர் கர்ட்டிஸ் வெல்ச்சிடம் இருந்த நச்சுமுறி மருந்தோ காலாவதியாகியிருந்தது. கடல் உறைந்துவிட்டதால் கப்பல் வர வழியில்லை. ஆங்கரேஜ் நகர மருத்துவமனையில் கிடைத்த மருந்து, தொடர்வண்டியில் நெனானா வரை கொண்டுவரப்பட்டது. அங்கிருந்து நோம் வரை ஏறத்தாழ 1,085 கிலோமீட்டர் பனிவெளி. அஞ்சல் வண்டிகளுக்கு வழக்கமாக மூன்று வாரங்களுக்கு மேல் பிடிக்கும் அவ்வழியை, 20 வண்டியோட்டிகளும் ஏறத்தாழ 150 நாய்களும் கைமாற்றிக் கைமாற்றி ஐந்தரை நாள்களில் கடந்தனர். மைனஸ் 40 பாகைக்கும் கீழான கடுங்குளிரில் நாய்கள் சில உயிர்நீத்தன. சார்லி எவான்ஸ் என்பவரின் முன்னணி நாய்கள் சுருண்டு விழுந்தபோது, அவரே வாரைத் தம் தோளில் மாட்டிக்கொண்டு இழுத்தார்.

பிப்ரவரி 2ஆம் நாள் விடியுமுன், கன்னர் காசன் ஓட்டிய வண்டி நோமை அடைந்தது. அதன் முன்னே ஓடிய நாயின் பெயர் பால்ட்டோ. அவ்வாண்டு முடியுமுன்னரே நியூயார்க் மையப் பூங்காவில் பால்ட்டோவுக்கு வெண்கலச் சிலை எழுந்தது. உலகம் அதன் பெயரை அறிந்தது.

ஆனால், மிக நெடிய, மிக இடர்மிகுந்த பகுதியைக் கடந்தது டோகோ என்னும் மற்றொரு நாய். அதன் தலைவர் லியன்ஹார்ட் செப்பாலா. மருந்தைப் பெறுவதற்காக எதிர்ச்சென்ற தொலைவையும் சேர்த்து, அவர்கள் ஓடியது ஏறத்தாழ 420 கிலோமீட்டர். அதில் நார்ட்டன் வளைகுடாவின் நம்பத்தகாத பனிக்கட்டியும் அடங்கும். அப்போது டோகோவுக்கு அகவை பன்னிரண்டு. அடுத்த ஆண்டு நியூயார்க்கில் ரோல்ட் அமுண்ட்சென் அதற்குப் பொற்பதக்கம் அணிவித்தார். 1911இல் தென்துருவத்தை நோக்கி 52 நாய்களோடு புறப்பட்டு, பலவற்றை உணவுக்காகவே கொன்று, பதினொன்றோடு திரும்பியவர் அவர். அப்பதக்கத்தை அளித்த கை எதையெல்லாம் நினைவுகூர்ந்ததோ, நாம் அறியோம்.

சிலை பெற்ற பால்ட்டோவின் கதியும் எண்ணத்தக்கது. புகழ் அடங்கியதும் அதுவும் உடன் ஓடிய ஆறு நாய்களும் கைமாறி, லாஸ் ஏஞ்சல்சில் மலிவான காட்சிக்கூடம் ஒன்றில் வாடின. கல்லுருவத்துக்கு மாலை, உயிருருவத்துக்குச் சங்கிலி! அந்நிலையைக் கண்ட கிளீவ்லாந்து வணிகர் ஒருவர் தம் நகர மக்களை வேண்டினார். பள்ளிச் சிறார் காசு காசாகச் சேர்த்தனர். 1927இல் அவ்வேழு நாய்களும் கிளீவ்லாந்தை அடைந்து, அந்நகர விலங்குப் பூங்காவில் அமைதியாக வாழ்ந்தன. வெண்கலத்தைவிட அச்சிறார் தந்த சில்லறையே சிறந்த பரிசு என்போம். ஏனெனில் அது சோறாகவும் கூரையாகவும் மாறியது.

இனப்பெயர்களும் ஒருவகைப் பொறிப்பே. கனத்த சுமையை நிதானமாக இழுக்கும் மாலமுட் நாய், அதனை வளர்த்த பழங்குடியின் பெயரையே தாங்கி நிற்கிறது. ஆனால் விரைந்தோடும் சைபீரிய ஹஸ்கியை நெடுங்காலம் பேணிக் காத்த சுக்சி மக்களின் பெயர் அவ்வினப் பெயரில் இல்லை. 1930இல் அமெரிக்க நாய்வளர்ப்போர் கழகம் அவ்வினத்தை ஏற்று ஏடுகளில் பதிந்தபோது, அதன் இரட்டை மயிரடுக்கும், பனியில் சுருண்டு மூக்கை மூடிக்கொள்ளும் அடர்ந்த வாலும் எம்மக்களின் பொறுமையால் உருவாயின என்பதை அப்பெயர் சொல்லவில்லை.

அவ்வோட்டத்தில் மருந்தைச் சுமந்த வண்டியோட்டிகளுள் பலர் அலாஸ்காவின் மண்ணின் மைந்தர்கள். அவர்களுக்குச் சிலை எழவில்லை. நோமைச் சுற்றியிருந்த பழங்குடிச் சிற்றூர்களில் மடிந்த குழந்தைகள் எத்தனை பேர் என்பதும் முழுமையாகக் கணக்கிடப்படவில்லை.

சிலைக்கு முன்னே நிற்கும் நாய் ஒன்று. வாரில் பூட்டப்பட்டவையோ பல. முன்னதைப் போற்றுவதில் தவறில்லை. ஆனால் அடுத்தமுறை நாம் ஒரு பரிசில் பெயரைப் பொறிக்க முற்படுகையில், பின்னால் இழுத்தவர்களையும் ஒரு கணம் நினைப்போம். பொறிக்க இடமில்லாவிடினும், அவர்களுக்கு உணவும் நிழலும் தர நம்மால் இயலும் அன்றோ?