தேர்வுக் கட்டணமும் அரசு நல்கையும்: சென்னைப் பல்கலைக்கழக நிதி வரலாறு (1857–2024)

முன்னுரை

பழவேற்காடு ஏரிக்கரையிலுள்ள கோட்டைக்குப்பம் முதலான மீனவ ஊர்களுக்கு அணித்தே, பொன்னேரியில், உலகநாத நாராயணசாமி அரசு கல்லூரி உள்ளது. அது சென்னைப் பல்கலைக்கழகத்தின் இணைவு பெற்றது. எனவே, அப்பல்கலைக்கழகத்தின் செலவை யார் ஏற்பது என்னும் வினா, இத்தகைய ஊர்களிலிருந்து பயில வருவோரையும் சார்ந்தது. அவ்வினாவை இக்கட்டுரை வரலாற்று நோக்கில் ஆராய்கிறது.

தேர்வு அமைப்பிலிருந்து கற்பிக்கும் அமைப்புக்கு

இலண்டன் பல்கலைக்கழகத்தை முன்மாதிரியாகக் கொண்டு 1857இல் தோன்றிய சென்னைப் பல்கலைக்கழகம், தேர்வு நடத்திப் பட்டம் வழங்கும் அமைப்பாகவே இருந்தது. கற்பித்தல் கல்லூரிகளின் பணியாதலால் செலவு குறைவு. தேர்வுக் கட்டணம் முதன்மை வருவாயாக விளங்கியது. 1923ஆம் ஆண்டுச் சட்டம் அதனைக் கற்பிக்கும் பல்கலைக்கழகமாகவும் ஆக்கியது. துறைகளும் பேராசிரியர் பணியிடங்களும் பெருகின. ஆய்வுக்கான செலவைத் தேர்வெழுதுவோரிடமிருந்து ஈட்டவியலாது. ஆதலின் அரசு நல்கை இன்றியமையாததாயிற்று.

இரு அரசுகளுக்கிடையே

1956ஆம் ஆண்டின் பல்கலைக்கழக மானியக்குழுச் சட்டம் மத்தியப் பல்கலைக்கழகங்களுக்குப் பராமரிப்பு நல்கையும் வளர்ச்சி நல்கையும் வழங்க வகைசெய்தது. மாநிலப் பல்கலைக்கழகங்களுக்குப் பெரும்பாலும் வளர்ச்சி நல்கையே கிட்டியது. ஊதியம், ஓய்வூதியம் ஆகியவற்றின் சுமை மாநில அரசின் நல்கையிலும் சொந்த வருவாயிலும் தங்கியது. 1981இல் தொடங்கிய அஞ்சல்வழிக் கல்வி அவ்வருவாய்க்கு வலுச்சேர்த்தது.

வரிச்சட்டம் காட்டும் முரண்

அரசால் கணிசமாக நிதியளிக்கப்படும் கல்வி நிறுவனத்திற்கு வருமான வரிவிலக்கு உண்டு. நல்கை மொத்த வரவில் 50 விழுக்காட்டை விஞ்சவேண்டும் என 2014இல் விதி வகுக்கப்பட்டது. சென்னைப் பல்கலைக்கழகம் அவ்வரம்பை எட்டவில்லை எனக் கொண்ட வருமான வரித்துறை, ஏறத்தாழ 424 கோடி ரூபாய் வரி கோரி, 2024 பிப்ரவரியில் அதன் வங்கிக் கணக்குகளை முடக்கியது. நல்கையின் குறையை நிரப்பத் திரட்டிய கட்டணமே, அந்நிறுவனம் அரசின் நிதியால் இயங்கவில்லை என்பதற்குச் சான்றாயிற்று.

முடிவுரை

1857இல் தேர்வுக் கட்டணத்தால் இயங்கிய பல்கலைக்கழகம், ஆய்வுப் பொறுப்பையும் ஓய்வூதியச் சுமையையும் ஏற்றபின் மீண்டும் கட்டணத்தையே பெரிதும் நாடும் நிலையை அடைந்துள்ளது என அறியமுடிகிறது. ஊதியத்தையும் ஓய்வூதியத்தையும் அடிப்படையாகக் கொண்டு நல்கை வரையறுக்கப்படாதவரை, அதன் குறைவை ஈடுசெய்வோர் குப்பத்திலிருந்து பயில வரும் முதல் தலைமுறை மாணவரே ஆவர்.