ஐஸ் பெட்டிக்குள் கல்லீரல்!

மதுரை - தூத்துக்குடி நாற்கரச் சாலையில், காரியாபட்டி பக்கம் விடியற்காலையில் நின்று பார்த்திருக்கிறீர்களா? தூத்துக்குடி மீனை ஏற்றிக்கொண்டு வண்டிகள் பறக்கும். இரண்டு பக்கமும் கருவேலங்காடு, காய்ந்த கண்மாய்... நடு ரோட்டில் மட்டும் ஐஸ் தண்ணீர் சொட்டிய ஈரக்கோடு! டிரைவருக்கு ஒரே கவலைதான். வெயில் ஏறுவதற்குள் மதுரை போய்ச் சேரணும்.

அதே கவலை, அதைவிட நூறு மடங்காக, டாக்டர்களை ஆட்டிப்படைத்த கதை ஒன்று உண்டு. அவர்களுடைய ஐஸ் பெட்டியில் இருந்தது மனிதக் கல்லீரல்!

1963, மார்ச் 1. அமெரிக்காவின் டென்வர் நகரில் தாமஸ் ஸ்டார்ஸ்ல் என்ற சர்ஜன், உலகிலேயே முதன்முறையாக ஒரு மனிதருக்குக் கல்லீரல் மாற்று ஆபரேஷன் செய்தார். நோயாளி, மூன்று வயதுக் குழந்தை. ரத்தப்போக்கை நிறுத்த முடியாமல் ஆபரேஷன் மேஜையிலேயே இறந்துபோனது. அடுத்தடுத்த முயற்சிகளும் தோல்வி. 1967-ல்தான், அவரிடம் மாற்றுக் கல்லீரல் பெற்ற ஒன்றரை வயசுப் பெண் குழந்தை ஒரு வருஷத்துக்கும் மேல் உயிரோடு இருந்தது.

எண்பதுகளில் சைக்ளோஸ்போரின் மருந்து வந்தது. புது உறுப்பை உடம்பு விரட்டியடிக்கும் பிரச்னை பெருமளவு அடங்கியது. மிச்சம் இருந்த வில்லன்... நேரம்!

ரத்தம் நின்றவுடன் கல்லீரல் சாக ஆரம்பிக்கிறது. 4 டிகிரிக்குக் குளிர வைத்தால் அதன் தேவைகள் பத்தில் ஒரு பங்காகச் சுருங்கிவிடும். அப்புறம் என்ன, ஐஸில் போட்டு வைக்க வேண்டியதுதானே? அங்கேதான் சிக்கல். குளிரில் செல்லின் ‘பம்ப்’ தூங்கிவிடுகிறது. ராத்திரி ஊறப்போட்ட கொண்டைக்கடலை காலையில் உப்பியிருக்குமே, அதுமாதிரி செல்கள் தண்ணீரை இழுத்து வீங்கிவிடும். அதனால், உறுப்பைக் கழுவி ஊறவைக்க ஒரு தனித் திரவம் தேவைப்பட்டது. 1969-ல் காலின்ஸ் என்பவர் ஒன்று தயாரித்தார். சிறுநீரகத்துக்கு அது பிரமாதம். கல்லீரலுக்கோ ஆறேழு மணி நேரம்தான் தாங்கியது. எனவே சர்ஜன்கள் நள்ளிரவில் தனி விமானம் பிடித்துப் பறந்தார்கள். தூக்கக் கலக்கத்தோடு கத்தியை எடுத்தார்கள்.

இந்த ஓட்டத்தை நிறுத்தியவர் ஃபோல்கெர்ட் பெல்சர். விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில், ஜேம்ஸ் சவுதார்டு என்ற விஞ்ஞானியோடு சேர்ந்து வருஷக்கணக்கில் மல்லாடி ஒரு திரவத்தை உருவாக்கினார். அதில் என்னென்ன இருந்தன தெரியுமா? பால் சர்க்கரையிலிருந்து எடுத்த லாக்டோபயோனேட். மொச்சை, முட்டைக்கோஸில் இருந்துகொண்டு நம் வயிற்றில் வாயுவை உண்டாக்கும் ராஃபினோஸ். மூட்டுவாத நோயாளிகள் சாப்பிடும் அலோபூரினால். கூடவே பொட்டாசியம் தூக்கலாக! செல்லுக்குள் எளிதில் நுழைய முடியாத அந்தப் பெரிய மூலக்கூறுகள் வெளியே நின்றே தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொண்டன. 1987-ல் அதை மனிதக் கல்லீரலுக்குப் பயன்படுத்தினார்கள். ஆறேழு மணி நேரம் என்பது பன்னிரண்டு மணி நேரத்தையும் தாண்டியது!

‘இதிலென்ன பெரிசா?’ என்று நினைக்காதீர்கள். மதுரையிலிருந்து சென்னை சுமார் 460 கிலோமீட்டர். ரோட்டில் போகவே ஏழெட்டு மணி நேரம். பழைய திரவம் என்றால், மதுரையில் தானமாகக் கிடைத்த கல்லீரல் விழுப்புரம் தாண்டுவதற்குள் வீண்! தென் மாவட்டத்துக் கல்லீரல் சென்னை நோயாளிக்குக் கிடைக்க வழி பண்ணியது அந்தத் திரவம்தான்.

திரவம் தயார். கொடுக்க ஆள் வேண்டுமே? 1994-லேயே சட்டம் வந்தும் தானம் சூடு பிடிக்கவில்லை. 2008 செப்டம்பரில், திருக்கழுக்குன்றம் அருகே விபத்தில் மூளைச்சாவு அடைந்த 15 வயது ஹிதேந்திரனின் உறுப்புகளை, டாக்டர்களான அவனுடைய பெற்றோர் தானம் செய்தார்கள். அவன் இதயத்தோடு கிளம்பிய வண்டி தேனாம்பேட்டையிலிருந்து முகப்பேருக்கு 11 நிமிடத்தில் போய்ச் சேர, சென்னையே வழிவிட்டது. அடுத்த மாதமே அரசின் உறுப்பு தானத் திட்டம் இயங்க ஆரம்பித்தது. 2023-ல், தானம் செய்தவர்களின் இறுதிச் சடங்குக்கு அரசு மரியாதை அறிவிக்கப்பட்டது.

இப்போது ஐஸுக்கே போட்டி வந்துவிட்டது. 2013-ல் லண்டனில், ஆக்ஸ்ஃபோர்டுகாரர்கள் உருவாக்கிய எந்திரத்தில் வெதுவெதுப்பான ரத்தம் ஓட, உடம்புக்கு வெளியே உயிரோடு இருந்த கல்லீரலை ஒரு நோயாளிக்குப் பொருத்தினார்கள். 2021-ல் ஜூரிச்சில் மூன்று நாள் எந்திரத்தில் இருந்த கல்லீரலே ஒருவருக்கு வாழ்வு கொடுத்தது!

மூன்று நாளாக நீட்டியாகிவிட்டது. ஆனால், எந்த விஞ்ஞானியாலும் நீட்ட முடியாத நேரம் ஒன்று இருக்கிறது. இதே காரியாபட்டி ரோட்டில் ஹெல்மெட் இல்லாமல் பறந்த ஒரு பையன், மதுரை ஆஸ்பத்திரியில் வென்டிலேட்டரில் கிடக்கிறான் என்று வையுங்கள். மூளைச்சாவை உறுதிசெய்ய, குறைந்தது ஆறு மணி நேர இடைவெளியில் இரண்டு முறை சோதிக்கணும் என்கிறது சட்டம். அந்த ஆறு மணி நேரத்தில், வராந்தாவில் நிற்கும் அப்பா, அம்மாவிடம் ஒருவர் வந்து மெதுவாகக் கேட்பார். நெஞ்சு ஏறி இறங்குகிற பிள்ளையைப் பார்த்துக்கொண்டு, ‘சரி’ என்று சொல்வது லேசா? அவன் எப்போதோ வீட்டில் பேச்சுவாக்கில், ‘எனக்கு ஏதாச்சும் ஆச்சுன்னா கொடுத்துருங்கப்பா’ என்று சொல்லியிருந்தால், அந்த அப்பாவுக்குக் கொஞ்சமாவது பிடிமானம் இருக்கும்.

நீங்கள் உங்கள் வீட்டில் சொல்லிவிட்டீர்களா?